கை வேலை செய்கிறது, கேள்வி காத்திருக்கிறது: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆரம்பக் கல்வி

ஐந்து வயதில் முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளையை வந்த அன்றே எழுத வைக்க வேண்டாம். சில நாட்கள் விளையாட விடுங்கள். விளையாடும்போது அதன் கை எப்படி இயங்குகிறது, யாரோடு சேர்கிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையின் அரச பாடசாலை ஆசிரியர்களுக்கு இப்படிச் சொல்லப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தந்த வழிகாட்டல் அது. அன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் முதலாந் தரத்தில் சேர்ந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அதே வகுப்பறைகளில் இருக்கிறார்கள். 2026 முதல் இன்னொரு சீர்திருத்தத்தை முதலாந் தரத்திலிருந்து தொடங்குவதாக அரசும் அறிவித்தது. ஒரு தலைமுறை முழுதும் நடந்து வந்த பாதையின் நிறை குறைகளை எடைபோட இதுவே தக்க வேளை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சீர்திருத்தம் பிள்ளையின் உடலுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தது, கைக்கு வேலை கொடுத்தது. அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் பிள்ளையின் கேள்விக்கு அது இடம் ஒதுக்கவில்லை. ஒரு வகுப்பில் செயற்பாடு நடக்கிறதா என்று மட்டுமே இவ்வளவு காலமும் பார்த்து வந்தோம். அந்தச் செயற்பாடு யாருடைய கேள்வியிலிருந்து பிறந்தது என்று பார்த்திருக்க வேண்டும்.

திட்டம் சொன்னது என்ன

ஆரம்பக் கல்வியின் ஐந்து ஆண்டுகளும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. 1ஆம், 2ஆம் தரங்கள் முதலாவது நிலை. 3ஆம், 4ஆம் தரங்கள் இரண்டாவது. 5ஆம் தரம் மூன்றாவது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்று கற்றல் முறைகள் வகுக்கப்பட்டன. முதலாவது நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மேலோங்கி நிற்கும். இரண்டாவதில் மூன்றும் சமமாகும். மூன்றாவதில் எழுத்து வேலை முதன்மை பெறும். சூழலைப் பற்றிய அறிவு தனித்தனிப் பாடங்களாகச் சிதறாமல் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற ஒரே ஒன்றிணைந்த பாடமாக வந்தது. மனனத்தை அளப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் அடைய வேண்டிய தேர்ச்சிகள் பட்டியலிடப்பட்டன. முதல் வகுப்புகளில் வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலான பாடங்களையும் எடுப்பார் என்பதால், பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் ஓர் ஒட்டுறவு வளரவும் வழி இருந்தது.

இந்தச் சிந்தனை வானத்திலிருந்து விழவில்லை. ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியும், மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் திறந்த சிறுவர் இல்லமும், தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் கூட்டிய பள்ளியும் இதன் மூதாதைகள். குழந்தை வெறும் மூளையாக மட்டும் பள்ளிக்கு வருவதில்லை. பசி, பயம், பாட்டு, விளையாட்டு, உறவு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது என்பதே இம்மூவரும் தத்தம் வழியில் சொன்னது.

மறுக்க முடியாத நன்மைகள்

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இந்தச் சீர்திருத்தம் வந்த காலத்தை மறக்கக் கூடாது. 1990களின் வன்முறை தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டையும் சிதைத்திருந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள், தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள், இரவில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்து காலையில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடி வரை கரையோர ஊர்களை அடித்துச் சென்றபோது அவர்களுடைய தம்பி தங்கைகள் அதே வாங்குகளில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வகுப்பில் முதல் நாளே அரிச்சுவடியைத் திறந்து அதட்டி எழுத வைப்பது கொடுமையாக முடிந்திருக்கும். வட்டமாக நின்று பாடவும், களிமண் பிசையவும், நடித்துக் காட்டவும் ஆசிரியருக்கு அதிகாரபூர்வமான அனுமதி கிடைத்தது. விளையாட விட்டதற்காக அதிபரிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை போயிற்று. எங்கள் பிரதேசத்தில் இது சிறிய மாற்றமன்று.

இன்னொரு நன்மை சமத்துவம் சார்ந்தது. நகரத்துப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் முன்பள்ளி முடித்து, எழுத்தும் எண்ணும் அறிந்து முதலாந் தரத்துக்கு வருகிறது. வாவியின் மேற்கே, படுவான்கரையின் உட்கிராமங்களில் உள்ள பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. எழுத்தில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக நிற்கும். விளையாட்டில் தொடங்கினால் நிலைமை வேறு. வயல் வரம்பில் ஓடி, குளத்தில் நீந்தி, கன்றுக்குட்டியை மேய்த்துப் பழகிய பிள்ளை உடல் இயக்கத்திலும் துணிவிலும் எவருக்கும் குறைந்ததில்லை. அதன் பலம் ஆசிரியரின் கண்ணில் முதலில் படுகிறது. பலவீனம் பிறகுதான் தெரிகிறது. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளர்கிறது என்பதை இந்த வரிசை பெரிதும் தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக, தேர்ச்சி அடிப்படை. ‘இந்தப் பிள்ளைக்கு எது இன்னும் வரவில்லை’ என்று கேட்க அது ஆசிரியரைப் பழக்கியது. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற பழைய கேள்வியைவிட இது மனிதத்தன்மை உள்ளது.

றால் பற்றிய ஒரு கேள்வி

இனிக் குறைகளுக்கு வருவோம். வாவிக்கரைப் பாடசாலை ஒன்றின் இரண்டாந் தர வகுப்பை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் படித்தவர்களோ படிப்பித்தவர்களோ இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நீரில் வாழும் உயிரினங்கள் பற்றிய பாடம் நடக்கிறது. மீனின் வெளிக்கோட்டுப் படம் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. நிறம் தீட்டி, வெட்டி, நீல மட்டையில் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் மும்முரமாக இருக்கிறார்கள். மார்கழி மழை விட்டு இரண்டொரு கிழமை ஆகிறது. மீன்பிடிகாரரின் மகன் ஒருவன் தலை நிமிர்ந்து கேட்கிறான்: “ரீச்சர், முகத்துவாரம் வெட்டினா மறுகா றால் வருமாம். அது என்னெண்டு வாற?”

“அதைப் பிறகு பாப்பம் மகன். இப்ப வடிவா நிறம் தீட்டுங்க.”

ரீச்சர் அன்பானவர். அவர் குரலில் கடுமை இல்லை. முப்பத்தைந்து படங்களும் மணி அடிப்பதற்குள் ஒட்டப்பட வேண்டும், ஆசிரிய ஆலோசகர் வந்தால் சுவரில் காட்ட வேண்டும், தேர்ச்சிப் பதிவேட்டில் அடையாளம் இட வேண்டும் என்பவை அவருடைய கவலைகள். ‘பிறகு’ வராது என்பது மட்டும் அந்தப் பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. நாலாந் தரத்துக்குப் போகும்போது அவன் கேட்பதை விட்டிருப்பான்.

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று பார்ப்போம். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலைச் சந்திக்கிறது. வடகீழ்ப் பருவ மழையில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் வாவியை நிரப்புகிறது. மணல் மூடிய முகத்துவாரம் உடைகிறது, அல்லது வெள்ளத்தை வடிக்க வெட்டப்படுகிறது. பிறகு கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கடலில் முட்டையிட்டுப் பொரித்த றால் குஞ்சுகள் அந்த நீரோடு வாவிக்குள் வந்து, உவர் நீரில் கண்டல் வேர்களுக்கிடையே வளர்ந்து, பருவம் வந்ததும் முட்டையிடக் கடலுக்குத் திரும்புகின்றன. மழை, மணல், உப்பு, உயிரியல், குடும்பத்தின் வருமானம், பக்கத்து வயற்காரரின் வெள்ளச் சேதம் எல்லாம் அந்தப் பையனின் ஒரே வசனத்துக்குள் இருந்தன. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் மீன்பிடிகாரருக்கும் விவசாயிக்கும் விருப்பம் வேறுபடலாம் என்பதால் அதில் குடியியலும் இருந்தது. ஒன்றிணைந்த கல்வி என்று திட்டம் எதைச் சொன்னதோ, அதை அவன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். திட்டத்தை நிறைவேற்றும் அவசரத்தில் அதைத் தள்ளிவைத்தோம்.

முறையின் முதல் குறை இதுதான். செயற்பாடு ஒரு சடங்காகிவிட்டது. என்ன செய்ய வேண்டும், எப்படி முடிய வேண்டும், எந்த நிறம் வர வேண்டும் என்பது வரை முன்கூட்டியே தீர்மானமாகி இருந்தால், கை இயங்கினாலும் மனம் கரும்பலகையைப் பார்த்து எழுதும் பழைய வேலையைத்தான் செய்கிறது. வீட்டுக்குப் போகும் ஒப்படைகளில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ‘பூச்சிகளின் படங்களைச் சேகரித்து ஒட்டுக’ என்று கொப்பியில் எழுதி வருகிறது. தாய் சந்தியில் உள்ள கொமினிகேசனுக்குப் போய்க் காசு கொடுத்து இணையத்திலிருந்து நிறப் படங்கள் எடுத்து வருகிறார். எங்கள் வேலியில் என்றுமே வந்து இராத வண்ணத்துப்பூச்சி கொப்பியில் ஒட்டப்படுகிறது. வேலியில் இருந்த எறும்புப் புற்றைப் பிள்ளை பார்க்கவே இல்லை. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைக்கு அந்தப் படமும் கிடைப்பதில்லை. புள்ளியும் கிடைப்பதில்லை. விளையாட்டால் வந்த சமத்துவத்தை ஒப்படை பறித்துக்கொள்கிறது.

படியேறும்போது கழன்றுபோகும் விளையாட்டு

இரண்டாவது குறை திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. விளையாட்டு முதல் நிலையில் முதன்மை, அடுத்ததில் சமம், கடைசியில் ஓரம் என்று வகுத்தபோது, அறிய ஆவல் என்பது சின்னப் பிள்ளைகளின் குணம், வளர வளர விட்டுவிட வேண்டியது என்ற செய்தியும் சேர்ந்தே போயிற்று. பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து வேலை கூடுதலாகத் தேவை என்பதில் தகராறு இல்லை. ஆனால் எழுத்து எதற்காக? தான் கண்டதைப் பதியவா, தான் கேட்டதற்கு விடை தேடவா, மாதிரி வினாத்தாள் நிரப்பவா?

நடைமுறையில் மூன்றாவதுதான் நடக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரிந்த ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. நாடு முழுவதும் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் இந்தப் பரீட்சையில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். மூன்றாந் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஐந்தாந் தரப் பிள்ளை பின்னேரம் விளையாடுவதைக் கண்டால் அயலவர் கேள்வி கேட்கிறார்கள். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக எழுந்த சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாள் ஒரு நாட்டின் உச்ச நீதிபீடத்தின் முன் விசாரிக்கப்படுகிறது என்றால், அந்தத் தாளின்மேல் எவ்வளவு சுமையை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

இருந்தாலும், இந்தப் பரீட்சையை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. இதன் வேர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் 1940களின் இலவசக் கல்விச் சீர்திருத்தத்தில் இருக்கிறது. காசில்லாத வீட்டில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போக ஒரு வழி வேண்டும் என்பதே அதன் நோக்கம். நகரங்களுக்கு வெளியே எழுந்த மத்திய கல்லூரிகள் அந்த நோக்கத்தின் கட்டடங்கள். எங்களுக்கு வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படிக் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படித்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கிருந்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் வெளியே வந்தார்கள். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும், அதிலிருந்து வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே வளவில்தான் தொடங்கின. படுவான்கரையில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் இன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் பெருமையல்ல. மாதாந்த உதவித்தொகை, நகரத்துப் பாடசாலையின் கதவு இரண்டும் திறக்கின்றன. இந்தக் கதவை மூடிவிட்டு ‘பிள்ளையை மகிழ்ச்சியாகக் கற்க விடுங்கள்’ என்று அவளுடைய தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே குற்றம் உதவி கொடுப்பதில் இல்லை. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிவதும், பிரபல பாடசாலைகளின் இடங்களைப் பங்கிடுவதும் ஆகிய இரு வேறு வேலைகளை ஒரே தாளில் கட்டியதுதான் குற்றம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே இடத்துக்காக அதே தாளை எழுதும்போது, ரியூசனுக்குக் காசு உள்ளவர் முந்துகிறார். ஏழைப் பிள்ளைக்காக வைத்த வாசலில் மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கான உதவியை வேறு வழியில் கொடுத்து, பாடசாலைகளுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்தால்தான் நாலாம், ஐந்தாந் தரங்கள் கல்விக்குத் திரும்பும்.

ஓடத்துறைக்கு அப்பால்

மூன்றாவது குறை, ஒரே திட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போகாதது. எழுவான்கரையையும் படுவான்கரையையும் வாவி பிரிக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்த வழியே போக ஓடம் வேண்டியிருந்தது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் ஓடத்தை நம்பியே தலைமுறைகள் வாழ்ந்தன. படுவான்கரையின் பல பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் எழுவான்கரையிலிருந்து தினமும் பயணப்படுகிறார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். அதில் மனிதர்களைக் குறை சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், பிள்ளையை அறிந்த வகுப்பாசிரியர் என்ற அடித்தளமே அங்கு ஆட்டம் காண்கிறது. சிறிய பாடசாலைகளில் இரண்டு மூன்று தரங்களை ஒருவரே பார்க்க வேண்டி வருகிறது. ஒரு தரத்துக்குச் செயற்பாடு கொடுத்தால் மற்றத் தரம் சும்மா இருக்கும். அப்போது ஆசிரியர் எல்லாருக்கும் பார்த்தெழுதக் கொடுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு அனுபவத்தைப் பார்ப்பது பயன் தரும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, பல தரங்கள் ஒன்றாக உட்காரும் கிராமப் பள்ளிகளுக்காகவே அட்டை முறையொன்றை வளர்த்தது. அதைப் பின்பற்றிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் எம். பி. விஜயகுமார் தலைமையில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படி காட்டும் வரிசையில் தன் வேகத்துக்கு அட்டைகளை எடுத்து முன்னேறியது. நாட்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீன்பிடிப் பருவத்திலும் அறுவடைக் காலத்திலும் வரவு குறையும் எங்கள் ஊர்களுக்கு இந்த ஒன்று மட்டுமே பெரிய பாடம்.

அந்த முறைக்கும் இதே நோய் இருந்தது. அட்டைகளின் வரிசையை ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்துவிட்டார். பிள்ளை தன் வேகத்தில் நடக்கலாமே ஒழிய, தன் வழியில் நடக்க முடியாது. பல வகுப்புகளில் ஆசிரியர் அட்டை எண்ணைப் பதியும் கணக்கரானார். கொழும்பின் பதிவேடும் சென்னையின் ஏணியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன: எது கற்கப்பட வேண்டும் என்பதில் பிள்ளைக்குச் சிறு பங்குகூட இல்லை.

மதிலுக்கு வெளியே நடந்தது

பிள்ளைக்கு அந்தப் பங்கு கொடுத்துப் பார்த்த இடம் எங்கள் ஊரிலேயே இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடியக் கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகளை ஒன்றாக அழைத்து வந்து, மண்ணும் நிறமும் கதையும் மரமும் நிறைந்த வளவுக்குள் விட்டார்கள். எதைச் செய்வது என்று பிள்ளையே தெரிவு செய்யலாம். களிமண்ணில் கைவைத்துப் பேசாமல் இருக்க விரும்பும் பிள்ளை பேசாமல் இருக்கலாம். கூட இருந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். பிள்ளை தொடங்கிய கதையை வளர்க்க உதவுவது அவர்கள் வேலை. முழுப் பிள்ளையையும் கவனிக்கும் கல்வி என்று நாம் பேசுவதற்கு வாவிக்கரையில் கிடைத்த மிகத் தெளிவான சான்று அது.

அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்குச் சிறு தொகைப் பிள்ளைகளே அங்கு வர முடிந்தது. வெளிநாட்டு நிதியைச் சார்ந்து நடந்தது. அங்கு எழுத்தறிவைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு இல்லை, பாடசாலைக்கு உண்டு. எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, அந்த அனுபவம் வலயக் கல்வி அலுவலகங்களின் வாசலைத் தாண்டி வகுப்பறைக்குள் வேரூன்றவில்லை. போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிகிச்சை என்று அதை ஒதுக்கிவைத்தோம். கேட்கவும் தெரிவு செய்யவும் கற்பனை செய்யவும் இடம் தேவைப்படுவது காயப்பட்ட பிள்ளைக்கு மட்டுமா?

கூத்தின் வழியிலும் இதே அனுபவம் கிடைத்தது. பேராசிரியர் சி. மௌனகுரு சிறுவர் நாடகங்களை எழுதி மேடையேற்றினார். சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் கூத்தைச் சமூகத்தோடு சேர்ந்து மீளப் படைத்தார்கள். தாளத்தில் கணக்கு உண்டு, பாட்டில் மொழி உண்டு, ஆட்டத்தில் உடல் உண்டு, களரியில் ஊர் உண்டு. ஆனால் பாடசாலையில் கூத்து என்றால் தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கும் உருப்படி என்ற அளவிலேயே பெரும்பாலும் நிற்கிறது.

அடிப்படை அறிவு குறையாதா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. வாசிக்கவும் கூட்டிக் கழிக்கவும் வராத பிள்ளையிடம் கேள்வி, ஆவல் என்று பேசுவது வயிறு நிறைந்தவர்களின் ஆடம்பரம் என்பார்கள். ஐந்தாந் தரம் முடித்தும் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் எங்கள் பிரதேசத்தில் இருப்பதை அறிந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்தை முறையாக, பொறுமையாக, திரும்பத் திரும்பப் பழக்கத்தான் வேண்டும். அந்த உழைப்புக்கு மாற்று இல்லை. தானாக வந்துவிடும் என்று விட்டால் பாதிக்கப்படுவது வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைதான்.

ஆனால் எழுத்தறிவையும் ஆவலையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. றால் பற்றிக் கேட்ட பையனுக்கு வாசிக்க ஒரு காரணம் ஏற்கெனவே இருந்தது. அவன் கேள்வியை ரீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்தால், அவன் அன்று வாசித்திருக்கக்கூடிய முதல் வசனம் அவனுடைய சொந்த வசனமாக இருந்திருக்கும். ‘உங்கட வாப்பாவிடம், அப்பாவிடம், அப்பப்பாவிடம் கேட்டு வாருங்கள்’ என்று சொல்லியிருந்தால், மறுநாள் வகுப்பில் பத்துப் பதினைந்து விடைகள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றோடொன்று முரண்படுபவை எவை என்று பார்க்க அரை மணித்தியாலம் போதும். பதிவேட்டில் உள்ள மொழித் தேர்ச்சிகளில் எத்தனையோ அதற்குள் அடங்கும்.

செய்யக்கூடியவை

ஆசிரியருக்கு எல்லாக் கேள்விக்கும் விடை தெரிய வேண்டும் என்ற பயமே பல கேள்விகளை அடக்குகிறது. அந்தப் பயத்தைப் போக்க எங்கள் வாவியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ‘மீன்பாடும் தேனாடு’ என்று எல்லாப் பாடசாலை வரவேற்புரையிலும் சொல்கிறோம். அமைதியான பௌர்ணமி இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் துடுப்பை இறக்கி மறுமுனையில் காதை வைத்தால் ஒலி கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பாடுவது எது? 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டுக்கு மீன்பிடிகாரர்கள் ஊரி என்ற நத்தையைக் காட்டினார்கள். 1950களில் புனித மைக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அருட்தந்தை லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று, ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலாநந்தர் அந்த இன்னிசையை நீரர மகளிரின் பாடலாகக் கண்டார். மீனா, ஊரியா, பாறைகளுக்கிடையே ஓடும் நீரா என்பது இன்றும் பேசப்படும் கேள்வி. பெரியவர்களே விடை தேடிக்கொண்டிருக்கும் ஒன்று பிள்ளைகளின் வீட்டு வாசலில் இருக்கிறது. அதை நான்காந் தரத்தில் ஒரு பருவகால விசாரணையாக ஆக்கலாம். பெற்றோரோடு போய்க் கேட்கலாம், தொலைபேசியில் பதியலாம், நாளையும் நிலவையும் குறிக்கலாம், ஊகிக்கலாம், ஊகத்துக்குக் காரணம் சொல்லலாம். ரீச்சரும் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் நின்று தேடும் பாடம் அது.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. சில மாற்றங்கள் போதும். கிழமைக்கு ஒரு பாடவேளையாவது பிள்ளைகளின் கேள்விகளுக்கென நேரசூசியில் எழுதி வைக்கப்பட வேண்டும். எழுதி வைத்தால்தான் ஆலோசகர் வரும்போது ஆசிரியர் தைரியமாகக் காட்டுவார். சுற்றாடல் பாடத்தின் ஒரு பகுதியை மாவட்டத்துக்கு மாவட்டம் அங்குள்ள ஆசிரியர்களே எழுத தேசிய கல்வி நிறுவகம் இடம் விட வேண்டும். வாவியில் பிறந்த பிள்ளைக்கு வாவியும், மலையகப் பிள்ளைக்குத் தேயிலை மலையும் பாடமாகட்டும். தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவருக்குப் பாடத்திட்டம் தயாரிக்கப் பழக்குவதோடு, பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து ஒரு பாடத்தை அங்கேயே கட்டியெழுப்பவும் பழக்க வேண்டும். பல்தர வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டின் அட்டை முறையிலிருந்து பிள்ளை தன் வேகத்தில் கற்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூடிய வரிசையை விட்டுவிடலாம். காசு செலவாகும் ஒப்படைகளை நிறுத்திவிட்டு, அம்மம்மாவிடம் கேட்டு வரக்கூடிய, வேலியில் பார்த்து வரக்கூடிய ஒப்படைகளைக் கொடுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விட்டு வந்ததும் ‘இண்டைக்கு என்ன எழுதினீங்க?’ என்று கொப்பியைத் திறக்கிறோம். ‘இண்டைக்கு என்ன கேட்டீங்க?’ என்றும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் மதிப்பில்லாத கேள்வியைப் பிள்ளை வகுப்பில் துணிந்து கேட்காது.

1999இல் வந்த மாற்றத்தைத் தோல்வி என்று நான் தீர்ப்பிடவில்லை. எழுத்துக்கு முன் பிள்ளை என்று அது வைத்த வரிசை சரியானது, காக்கப்பட வேண்டியது. அதன் குறை, வரிசையைப் பாதியில் நிறுத்தியது. பிள்ளைக்கு விளையாட்டைக் கொடுத்தது, விசாரணையைக் கொடுக்கவில்லை. இரண்டாந் தரம் வரை மகிழ்ச்சியைக் கொடுத்தது, அதற்குப் பின் பரீட்சையிடம் ஒப்படைத்தது. இப்போது வரும் சீர்திருத்தமும் புதிய புத்தகம், புதிய கைந்நூல், புதிய பதிவேடு என்று நின்றுவிட்டால் இன்னொரு தலைமுறை நிறம் தீட்டிக்கொண்டிருக்கும். படுவான்கரையில் மூன்று தரங்களை ஒன்றாகப் பார்க்கும் ஆசிரியருக்கு உதவி போய்ச் சேர்ந்ததா, பத்து வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து அந்த ஒற்றைத் தாளின் பாரம் இறங்கியதா, பிள்ளை கேட்டதற்கு நேரசூசியில் இடம் கிடைத்ததா? எந்தச் சீர்திருத்தத்தையும் இந்த மூன்றாலும் அளந்துதான் ஏற்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், எங்கள் பிள்ளைகளுக்காக நாம் உரத்துக் கேட்க வேண்டும்.